ஆள்காட்டி முட்டையும் அமைச்சர் வருகையும்

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். நான் கனடாவுக்கு வந்து பத்து வருஷம் ஆகிறதாம். கேக்கின் மேல் சர்க்கரைப் பாகில் 'ஏர்ல்' என்று எழுதியிருந்தது. என் பெயர் அருளப்பன். வேலையில் சேர்ந்த அன்று, 'அருள் என்று கூப்பிட்டால் போதும்' என்று பெருந்தன்மையாகச் சொல்லிவைத்தேன். அவர்கள் வாயில் அது ஏர்ல் ஆகிவிட்டது. ஏர்ல் என்றால் அவர்கள் மொழியில் ஏறக்குறைய ஜமீன்தார். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் மானாவாரியை மூன்று பங்காகப் போட்டுக்கொண்ட குடும்பத்துக்காரனுக்குக் கடல் தாண்டியதும் கிடைத்த பட்டம் அது. நான் திருத்தவில்லை.

"பத்து வருஷத்தில் என்ன கற்றுக்கொண்டீர்கள், ஏர்ல்?" என்று இயக்குநர் கேட்டார்.

"பனி அள்ள," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊரில் நான் எதைச் சொன்னாலும் ஒரு மரியாதைக்குச் சிரித்துவைப்பார்கள். சரியான பதில் கொஞ்சம் நீளமானது. அதை ஊர்க்காரர்களுக்குத்தான் சொல்ல முடியும்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்தில் கூடு கட்டாமல் வெறும் தரையில் முட்டையிடும் பறவைகளைப் பற்றி ஆராய்கிறேன். மனிதன் எவ்வளவு பக்கத்தில் வந்தால் பறவை முட்டையை விட்டு எழுந்து போகும், அப்படி எழுந்து போனால் வெயிலில் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைப் பற்றி ஒரு நீளமான கட்டுரை எழுதியிருக்கிறேன். அதைப் படித்தவர்கள் உலகத்தில் ஒரு பஸ்ஸில் அடங்குவார்கள். நின்றுகொண்டு யாரும் வரவேண்டியிருக்காது. இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை என் தம்பி சூசையால் நம்ப முடியவில்லை. 'அண்ணன் கோழிப் பண்ணையில பெரிய ஆபீசர்' என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறான். அதையும் நான் திருத்தவில்லை.

2

என் மகள் செலின் விமானம் ஏறும்போது ஐந்து வயது. தமிழில் சண்டை போடுவாள், கோள் சொல்லுவாள், ஜெபம் சொல்லுவாள். பன்னிரண்டு வயதில் 'நாய் வந்தாள், பனி விழுந்தான்' என்ற நிலைக்கு வந்துவிட்டாள். மொழி ஒரே நாளில் போவதில்லை. முதலில் வால் போகிறது, அப்புறம் உடம்பு. நாம் தமிழில் கேட்போம், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். இரண்டு பேருக்கும் அது பழகிவிடும். ஒரு நாள் நாமே ஆங்கிலத்தில் கேட்டுவிடுவோம். அத்தோடு முடிந்தது.

இந்த நாட்டில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது, கத்தக்கூடாது, எதற்கும் காரணம் சொல்லவேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லித் தருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் காரணம் கேட்டு வளர்ந்த பிள்ளை ஒரு நாள் நம்மிடமும் காரணம் கேட்கும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மே மாதம், அவளை ஊருக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். என் மனைவி மேரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆறு வாரம் பள்ளிக்கு வராமல் இருக்க என்ன காரணம் என்று ஒரு படிவம் கேட்டது. 'பண்பாட்டுக் கல்வி' என்று எழுதினேன். உண்மையான காரணம் வேறு. எனக்கு ஆள்காட்டிக் குருவியைப் படம் எடுக்கவேண்டியிருந்தது.

ஆள்காட்டி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏரிக்கரையிலும் கல்லுக்காட்டிலும் மஞ்சள் காலோடு நடந்துகொண்டு, ஆளைக் கண்டால் ஊரைக் கூட்டும் பறவை. கடும் வெயிலில் அது ஒரு காரியம் செய்யும். ஏரிக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். முட்டை சூடேறாமல் இருக்க. அந்த நனைந்த வயிறு தெரிய ஒரு நல்ல படம் எடுக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெரிய லென்ஸைப் பீரங்கியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இங்கேயே விற்றுவிடுவேன் என்று சந்தேகம். பாஸ்போர்ட்டில் லென்ஸின் நீளம், அகலம், நம்பர் எல்லாவற்றையும் எழுதி முத்திரை குத்தினார். திரும்பும்போது இதைக் காட்டாவிட்டால் விடமாட்டோம் என்றார். பக்கத்தில் நின்ற மகளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவளை விட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

3

கூட்டை நான் கண்டுபிடிக்கவில்லை. இந்தத் துறையில் டாக்டர் பட்டம் வாங்கியவன் நான், கண்டுபிடித்தவள் செலின். தம்பியின் நிலத்தில் தார் ரோட்டை ஒட்டி ஒரு துண்டு தரிசு கிடந்தது. மூன்றாம் நாள் காலை அங்கே நடந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள். காலடியில் கூழாங்கற்களுக்கு நடுவே, கற்களைப் போலவே நாலு முட்டைகள்.

"ஆக்காட்டிங்கண்ணா," என்றான் சூசை. "வருசா வருசம் இங்கதான் வெக்கும். போன வருசம் கீரி தின்னுபோட்டுது. பாப்பா, தொடாத கண்ணு."

சோளத் தட்டை வைத்து ஒரு மறைப்புக் கட்டிக்கொண்டேன். நானும் செலினும் காலையில் அதற்குள் உட்காருவோம். கனடாவில் நான் பேசினால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற பெண், இரண்டு மணி நேரம் என் முழங்கையை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பறவையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தூரம், வெயில், கட்டுரை எல்லாம். ஒரு தகப்பனாக என் வாழ்க்கையின் சிறந்த ஒன்பது நாட்கள் அவை என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்தாவது நாள் மாதையன் வந்தார்.

மாதையன் ஆளும் கட்சியின் ஒன்றியச் செயலாளர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மோட்டார் சைக்கிள். வாசலில் இறங்கும்போதே கையைக் கூப்பிக்கொண்டு இறங்கினார்.

"அமைச்சர் வர்றாருங்க டாக்டர் சார். வர்ற வியாழக்கெழம. பாலம் தெறக்குறாரு. கூட்டம் ஒங்க தம்பி காட்டுலதான். ரோட்டு மேல இருக்குது, பந்தல் போட அம்சமான எடம்."

சூசை என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது எனக்குப் புரிந்தது. கிணற்று மோட்டாருக்கு மின்சார இணைப்பு கேட்டு ஆறு வருஷமாக மனுக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஊத்தங்கரை, அரூர், தர்மபுரி என்று அவன் ஏறாத ஆபீஸ் இல்லை. கிணற்றில் தண்ணீர் கிடந்தது, மேலே வர வழியில்லை. அந்த வருஷம் மழையும் பொய்த்திருந்தது. கண்ணெதிரே கடலைச் செடி காய்ந்துகொண்டிருந்தது.

"மனுவ அமைச்சர் கையிலயே குடுத்துடலாம் சூச. நான் நிக்க வெச்சுக் குடுக்க வெக்கறேன்," என்றார் மாதையன்.

"ரொம்ப நல்லதுங்க," என்றான் சூசை. ஆறு வருஷத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் நல்ல சொல் மாதையன் சொன்னதுதான்.

4

மறுநாள் தரிசைச் சமன் செய்ய டிராக்டர் வந்தது. நான் வீட்டுக்குள் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். சூசை ஓடிவந்தான்.

"அண்ணா, பாப்பா டிராக்டருக்கு முன்னால போயி ஒக்காந்துகிட்டுதுங்கண்ணா. எந்திரிக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். கூட்டுக்கு இந்தப் பக்கம், குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்திருந்தார். வேடிக்கை பார்க்க இருபது பேர் கூடிவிட்டார்கள்.

"செலின், எழுந்திரு."

"மாட்டேன்," என்றாள் ஆங்கிலத்தில். "எவ்வளவு பக்கத்தில் வந்தால் அது எழுந்து போகும் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்? டிராக்டர் அதைவிடப் பக்கத்தில் வருகிறது."

"சித்தப்பாவுக்கு இந்தக் கூட்டம் முக்கியம்மா."

"அப்படியென்றால் கூட்டம் அங்கே தள்ளி நடக்கட்டும். அவ்வளவு இடம் இருக்கிறதே."

இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதைப் போய் யாரிடமாவது சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. கனடாவில் ஒரு நெடுஞ்சாலையையே வளைத்துப் போடச் சொல்லி அரசாங்கத்துக்குக் குறிப்பு எழுதியவன் நான். இங்கே எதிரில் நின்றது ஒரு டிராக்டர். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். காரணம் சொல்லாமல் இழுத்தது அதுதான் முதல் தடவை. அவள் அசையவில்லை.

அப்போது மாதையன் வந்து சேர்ந்தார். மகளைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய என் கேமராவைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"வுடுங்க சார். பாப்பா சொல்றது நாயந்தானே? முட்டை அங்கியே இருக்கட்டும். ஏம்ப்பா, டிராக்டர அக்கட்டால ஓட்டு. நாலு மூங்கி கொண்டாந்து சுத்தி நட்டு கயிறு கட்டுங்க. ஒருத்தன் உள்ள கால் வெக்கக்கூடாது."

அரை மணி நேரத்தில் கூட்டைச் சுற்றி வேலி வந்துவிட்டது. கயிற்றில் கட்சிக் கொடி வரிசையாகத் தொங்கியது. மேடை ரோட்டின் பக்கம் தள்ளிப் போனது. செலினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாதையனுக்குக் கை கொடுத்தாள். "அவர் நல்ல மனிதர் அப்பா, நீங்கள் ஏன் அரசியல்வாதிகளை எப்போதும் திட்டுகிறீர்கள்?" என்று கேட்டாள். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

பறவை கொடிகளைப் பார்த்து நெடுநேரம் கத்திவிட்டு, பிறகு வந்து உட்கார்ந்தது. எந்தக் கட்சி என்று அது பார்க்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பறவை ஏரிக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு முட்டையை எடுத்து மகளின் காதில் வைத்தேன். பொரிப்பதற்கு முன்பே ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு குரல் கொடுக்கும். அவள் கண் பெரிதானது.

"அப்பா! பேசறான்!"

5

அமைச்சர் காலை பத்து மணிக்கு வருவதாக இருந்தது. ஒன்பதுக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒலிபெருக்கியில் மாதையன் பேசிக்கொண்டிருந்தார்.

"நம்ம அமைச்சர் ஒரு வாயில்லா ஜீவனுக்காக மேடையவே தள்ளிப் போடச் சொன்னாருங்க! வெளிநாட்டுலேர்ந்து விஞ்ஞானி வந்து அத போட்டோ புடிக்கிறாரு! அமைச்சர் பாக்கப்போற முட்டை அந்தா இருக்குது!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் கயிற்றைச் சுற்றி வந்து நின்றது. உள்ளே ஒருவரும் கால் வைக்கவில்லை. மாதையன் சொன்னால் சொன்னதுதான். ஆனால் கயிறு கூட்டிலிருந்து நாலு எட்டுத் தூரத்தில் இருந்தது. பறவை எழுந்து போய்விட்டது. தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. ஜனங்கள் அண்ணாந்து பார்த்து ரசித்தார்கள்.

பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று.

"அப்பா, அவங்க போகணும். சொல்லுங்க," என்றாள் செலின். தமிழில்தான் சொன்னாள்.

"கொஞ்சம் பொறும்மா. இப்ப வந்துருவாரு. பாத்ததும் எல்லாரும் போயிருவாங்க."

பன்னிரண்டுக்கு மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். சூசை சட்டைப் பையில் மனுவை மடித்து வைத்துக்கொண்டு, வேர்வையில் நனையாமல் இருக்க அடிக்கடி எடுத்து விசிறிக்கொண்டிருந்தான். நான் தம்பியைப் பார்த்தேன், மகளைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த வெயிலில் நிழலில்லாத முட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். கட்டுரையில் ஒரு அட்டவணையே போட்டிருக்கிறேன்.

ஒன்றரைக்கு அமைச்சர் வந்தார். பருத்த, களைத்த மனிதர். காரிலிருந்து இறங்கி, மாதையன் காதில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நேரே கயிற்றுக்குள் வந்தார்.

"என்ன பறவைய்யா இது?"

"ஆக்காட்டிங்க."

"அட, நம்ம கட்சிக்குள்ளயே நெறையப் பேரு இருக்காங்களே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்; மாதையன் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

அமைச்சர் கஷ்டப்பட்டுக் குந்தினார். ஒரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நான் படம் எடுத்தேன். வெயிலுக்குத் தலையில் போட்டிருந்த துண்டின் நிழல் அவர் முகத்தில் விழுந்தது. "ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க," என்றேன். திரும்பினார். "கொஞ்சம் தாழ்த்திப் புடிங்க." தாழ்த்தினார். "இன்னும் ஒண்ணே ஒண்ணு." பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பதினோரு படம் எடுத்தேன்.

மேடையில், தங்கள் ஆட்சியில் முட்டைக்குக்கூடப் பாதுகாப்பு உண்டு என்று பேசினார். கைதட்டல் ஏரிக்கரை வரை கேட்டது. இறங்கும்போது சூசையின் மனுவை வாங்கி, உதவியாளரிடம், "இவருக்கு ஒடனே முடிச்சுக் குடு," என்றார். சூசை அழுதுவிட்டான்.

6

மூன்று மணிக்கு எல்லோரும் போனார்கள். பறவை வந்தது. வயிறு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஓடிவந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி ஏரிக்கு ஓடி, மறுபடி வந்து உட்கார்ந்தது. நான் மறைப்புக்குள் போய் உட்கார்ந்து படம் எடுத்தேன். நான் காத்திருந்த படம் அதுதான்; அன்று வெளிச்சமும் நன்றாக இருந்தது. செலின் உள்ளே வரவில்லை.

மறுநாள் காலை அவள் கேட்டதால் முட்டையை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாக நாலையும்.

"கேக்குதா?"

"கேக்குது," என்றேன்.

அவள் கையை நீட்டி வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு அதைக் கற்களுக்கு நடுவில் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தாள். ஊரில் இருந்த மிச்ச நாட்களில் சித்தப்பாவோடும் சித்தியோடும் பேசினாள். என்னிடம் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் மட்டும் பேசினாள். நாங்கள் சென்னை பஸ் ஏறிய அன்றும் பறவை அந்த நாலு முட்டைகளின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

மாதம் திரும்புவதற்குள் சூசைக்கு மின்சாரம் வந்துவிட்டது. அமைச்சர் படம் கட்சிப் பத்திரிகையில் வந்து, பெரிதாக்கி அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறதாம். 'அண்ணா, மோட்டார் போட்டாச்சு. தண்ணி நல்லா எறைக்குது. தரிசையும் ஓட்டித் தக்காளி வெச்சிருக்கேன். எல்லாம் நீங்க எடுத்த போட்டோதான்' என்று எழுதினான். பிள்ளைகள் இரண்டு பேரையும் அரூரில் படிக்கவைக்கிறான். அந்தக் கடிதத்தைச் செலினிடம் காட்டினேன். படித்துவிட்டு, "சித்தப்பாவுக்கு நல்லதாச்சு," என்றாள். அது மனதிலிருந்து வந்ததுதான். என்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நனைந்த வயிற்றுப் படம் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. எந்த ஊரில் ஸ்லைடு காட்டிப் பேசினாலும் கடைசிப் படம் அதுதான். எல்லா ஊரிலும் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு வயதான பெண்மணி, கையைத் தூக்கி, "குஞ்சுகள் பொரித்தனவா?" என்று கேட்பார். "நாலும் பொரித்தன," என்பேன். அரங்கமே பெருமூச்சு விடும். எவ்வளவு நல்ல ஜனங்கள்! அவர்களை ஏன் வருத்தப்படுத்துவது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன்.

கேக் வெட்டிய மறுநாள் சனிக்கிழமை, எங்கள் ஊர் நூலகத்தில் பேச்சு. ஸ்லைடு இயந்திரம் ஓட்ட ஆள் இல்லை. செலினுக்கு இப்போது பதினைந்து வயது, அவளைக் கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு வந்தாள். கடைசிப் படம் திரையில் விழுந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது.

"குஞ்சுகள் பொரித்தனவா?"

அரங்கின் பின்னால் இயந்திரத்தின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் முகம் தெரியவில்லை.

"இல்லை," என்றேன். "நாலும் செத்துப்போயின. இந்தப் படம் எடுக்கும்போதே செத்திருந்தன. ஒரு அரசியல்வாதி வருவதற்காகக் காத்திருந்த கூட்டம் நாலைந்து மணி நேரம் சுற்றி நின்றது. சாகும் என்று எனக்குத் தெரியும். என் தம்பிக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. நான் பேசாமல் இருந்தேன்."

யாரும் பெருமூச்சு விடவில்லை. நூலகர் எழுந்து, தேநீர் தயாராக இருப்பதாகச் சொன்னார்.

வீட்டுக்குக் காரில் திரும்பினோம். நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். சொன்னாள்.

"அது பாதிதான் சரி, அப்பா. நீங்கள் பேசாமல் இல்லை."

"என்ன?"

"அமைச்சரிடம் பேசினீர்கள். இந்தப் பக்கம் திரும்புங்கள் என்றீர்கள், திரும்பினார். கையைத் தாழ்த்துங்கள் என்றீர்கள், தாழ்த்தினார். நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தார். கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் அதையும் செய்திருப்பார், மின்சாரமும் கொடுத்திருப்பார்."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கோதுமை வயல்.

"அவ்வளவு நேரம் ஆகியிருந்ததே, முட்டை எப்படியும்..." என்று ஆரம்பித்தேன்.

"இருக்கலாம்," என்றாள். "நீங்கள் கேட்டுப் பார்க்கவில்லை."